கழிக்கும்போது 26, கொடுக்கும்போது 30: சாஃப்ட்வேரை மாற்றினால் தீருமா?

நைட்ஷிஃப்ட்_ராணிப்பேட்டை:
சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனி, ஸ்டிச்சிங் பிரிவு. போன மாதம் 20 மணி நேரம் ஓவர்டைம் (ஓ.டி.) பார்த்தேன். சம்பளச் சீட்டில் "ஓ.டி. 2,167" என்று ஒரே வரி. எத்தனை மணி, என்ன ரேட், எதுவும் இல்லை. நானே கணக்குப் போட்டேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து எனக்கு 13,000. வார லீவு போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு 500, மணிக்கு 62.50, ஓ.டி. இரட்டிப்பு என்பதால் 125. இருபது மணிக்கு 2,500 வரணும். இவர்கள் 30ஆல் வகுத்திருக்கிறார்கள். 333 ரூபாய் போச்சு. வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் சம்பளமில்லாமல் ஒரு நாள் லீவு போட்டேன். அதற்கு மட்டும் சரியாக 500 பிடித்திருக்கிறார்கள்! கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் போடும்" என்கிறார்கள். அந்த சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லலாமா?

காட்பாடி_டு_பெங்களூரு:
தாராளமாக. இந்த வேலையில்தான் நான் இருக்கிறேன். பாதி கம்பெனிகளில் இன்னும் எக்செல்தான். ஏப்ரல் 1 அன்று பஞ்சப்படி மாறினால் நாலு ஷீட்டில் மாற்றணும், மூன்றில் மாற்றிவிட்டு ஒன்றை மறந்துவிடுவார்கள். விதியை ஒரே இடத்தில் வைக்கிற சாஃப்ட்வேர் வந்தால் எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஆள் கை படாது.

கணக்குப்பிள்ளை:
ஆள் கை படாதா! தம்பி, ஆம்பூர் பக்கம் 14 வருடமாகச் சம்பளம் போடுகிறேன். 30 என்று சாஃப்ட்வேராக முடிவு பண்ணவில்லை, யாரோ ஒருவர் தட்டியிருக்கிறார். புதிதாக வாங்கினாலும் அவரேதான் தட்டுவார். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறை 2010இல் புது சிஸ்டம் போட்டது, நர்சுகளுக்குச் சம்பளமே ஒழுங்காக வரவில்லை. கனடா அரசு 2016இல் 'ஃபீனிக்ஸ்' என்று ஒரு சம்பள சிஸ்டம் கொண்டுவந்தது, அதன் குளறுபடி பல வருடம் இழுத்தது. பணம் இல்லாத இடமா அதெல்லாம்?

கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. இரவு 10 மணிக்கு உள்ளே, காலை 6க்கு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தேதி மாறிவிடுகிறது. ஷிஃப்டைச் சரியாகப் பதியாவிட்டால் விரல் ரேகை வைக்கிற வருகை மெஷினுக்கு முதல் நாள் உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை, மறுநாள் வெளியே வந்தவர் உள்ளே போகவேயில்லை. ஒரு ராத்திரி வேலைக்கு இரண்டு நாள் ஆப்சென்ட்! அப்புறம் ஒட்டுகிற பிரிவில் பசை படிந்து விரல் ரேகையே விழாது. சூப்பர்வைசர் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். அந்தச் சீட்டு என் மேசைக்கு வந்தால் சம்பளம், டீக்கடையில் விழுந்தால் இல்லை.

குடியாத்தம்_அக்கா:
இரண்டு பேரும் மெஷினையே பேசுகிறீர்கள். எங்க அம்மா பீடி சுற்றினார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கொண்டுபோய்க் கொடுத்தால் "கழிவு" என்று ஒரு பிடி தள்ளுவார்கள், அதற்குக் காசு கிடையாது. தள்ளியதை என்ன செய்தார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. அங்கே எந்த சாஃப்ட்வேர் இருந்தது? கணக்குப் போடுகிறவருக்கு மட்டும் தெரிகிற கணக்கு எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாயும்.

நைட்ஷிஃப்ட்_ராணிப்பேட்டை:
அதேதான் அக்கா. கணக்குப்பிள்ளை சார், தப்பு தப்பு என்கிறீர்களே, ஒரு மாதமாவது தப்பு எங்கள் பக்கம் வந்து கூடுதலாக விழுந்திருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
விழும். ஆனால் கூடுதலாகப் போனால் முதலாளி மறுநாளே கூப்பிட்டுக் கேட்பார், அடுத்த மாதம் பிடித்துவிடுவோம். குறைவாகப் போனால் நீங்கள் வந்து கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் வருடக்கணக்கில் சிஸ்டத்தில் தங்குவது குறைவாகப் போகிற தப்பு மட்டும்தான். வேண்டுமென்றே செய்வதாக எல்லோரையும் சொல்லாதீர்கள். வருகைக் கணக்கு 3ஆம் தேதி கைக்கு வரும், 7ஆம் தேதிக்குள் சம்பளம் ஏறணும். நடுவில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேறு.

காட்பாடி_டு_பெங்களூரு:
சரி, இந்த இடத்தில் சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். சாஃப்ட்வேர் விற்கும்போது நாங்களும் இதையெல்லாம் சொல்வதில்லை. ஆனாலும் மாற்றவே வேண்டாம் என்பது சரியில்லை. புதியதையும் பழையதையும் இரண்டு மாதம் சேர்த்தே ஓட்டணும். நைட் ஷிஃப்ட் ஒருவர், மாத நடுவில் சேர்ந்தவர் ஒருவர், லீவும் ஓ.டி.யும் சேர்ந்தவர் ஒருவர் என்று எடுத்துக் கையால் போட்டுப் பார்க்கணும். நைட்ஷிஃப்ட் அண்ணனின் சீட்டு ஒன்றை ஓட்டியிருந்தாலே 26க்கும் 30க்கும் உள்ள குளறுபடி முதல் நாளே தெரிந்திருக்கும்.

குடியாத்தம்_அக்கா:
அந்தக் கையால் போட்ட கணக்கை வேலை செய்கிறவரிடமும் காட்டுங்கள். சீட்டில் மணியும் ரேட்டும் அச்சாக இரண்டு வரி கூடுதலாகும், அவ்வளவுதானே?

நைட்ஷிஃப்ட்_ராணிப்பேட்டை:
இன்று எங்கள் லைனில் ஒன்பது பேர் சீட்டைச் சேர்த்துப் பார்த்தோம். ஒன்பதிலும் 30. ஆபீசுக்குப் போனோம். அடுத்த மாதத்திலிருந்து 26 போடுகிறார்களாம். பழைய பாக்கி என்ன ஆச்சு என்றால், பின்தேதியிட்டுப் போட சிஸ்டத்தில் வழியே இல்லை என்கிறார்கள். உண்மையா சார்?

கணக்குப்பிள்ளை:
எந்த சாஃப்ட்வேர் ஆனாலும் "அரியர்" என்று ஒரு தலைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் தொகையைத் தட்டினால் போதும், நான் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுங்கள், எந்த மாதம் எத்தனை மணி என்று பட்டியலோடு. நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள்.