ரோடு போடறதும் நர்ஸு வேலையா?

காட்பாடி_மணி:
நேத்து ஒரு நர்சிங் காலேஜ் ஃபங்ஷன்ல பேசுனவரு, ஏழை ஜனங்களுக்கு ஒரு ஆரோக்கியம், இருக்கறவனுக்கு ஒரு ஆரோக்கியம்ங்கறத நர்ஸுங்கதான் மாத்தணும்னாரு, ஒரே கைதட்டு. எனக்கு ஒப்பல. 2023 மே மாசம் நம்ம வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில பாம்பு கடிச்ச ஒன்றரை வயசு குழந்த ஆஸ்பத்திரி போய்ச் சேரல, திரும்பி வரப்போ ரோடு இல்லன்னு ஆம்புலன்ஸ் பாதியில இறக்கி விட்டு, பெத்தவ பொணத்த தூக்கினு நடந்தா. இதுல நர்ஸு இன்னா பண்ணுவாங்க?

ஊர்_நர்ஸம்மா:
அண்ணா ரோடு எங்க கையில இல்ல, ஒத்துக்கறேன். ஆனா எல்லாமே ரோடு இல்ல. குடியாத்தம் பக்கம் பீடி சுத்தற வீடு ஒண்ணு, பொண்ணுக்கு அஞ்சாம் மாசம், ரத்த அளவு, அதான் ஹீமோகுளோபின், 8தான், கம்மி. செக்கப்புக்கு வரமாட்டா, ஏன்னா ஆயிரம் பீடிக்குத்தான் கூலி, ஒரு காலைப் பொழுது போச்சுன்னா அன்னிக்கு கணக்கு விழாது. குடுத்த சத்து மாத்திரை பூரா அரிசி டப்பா பின்னாடி கெடக்குது. கேட்டா வெளிக்கி கருப்பா போகுது, புள்ளைக்கு ஆகாதுன்னு அத்த சொல்லிச்சாம். அந்த அத்தய உக்கார வச்சு, கருப்பா போறது மாத்திரையாலதான், டீயோட மட்டும் போடாதீங்கன்னு ரெண்டு சாயங்காலம் பேசுனப்புறம்தான் முழுங்குனா. டாக்டரு ரூம்ல ரெண்டு நிமிஷத்துல இது வெளிய வருமா?

காட்பாடி_மணி:
நல்ல விஷயம்தான்மா. ஆனா கூலி ஏறுச்சா? இன்னும் பீடிதான சுத்தறா. நீங்க ஒட்டுப்போட ஒட்டுப்போட கிழிச்சவனுக்கு வசதி.

வாணியம்பாடி_வாத்தியார்:
மணி சார், வேலூர்ல இருந்துனு இப்படி பேசலாமா. சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1909லயே இங்க நர்ஸுங்களுக்கு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, ஊரு ஊரா போய் ரோட்டோரமா வைத்தியம் பாத்தாங்க. ஜனங்க வரலன்னா நாமதான் போவணும்.

நைட்டு_டூட்டி:
சார் வரலாறு நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு கணக்குல ஒரு கிராம சுகாதார நர்ஸுக்கு 5000 பேரு, மலைன்னா 3000. இதுல கர்ப்பிணிங்களுக்கு அரசு உதவி தர்ற முத்துலட்சுமி ரெட்டி ஸ்கீம் 18 ஆயிரத்துக்கு பதிவு, ஆன்லைன் என்ட்ரி, தடுப்பூசி எல்லாம் அவங்க தலையிலதான். நானு தொகுப்பூதியத்துல இருக்கறவ, எப்ப பர்மனன்ட்டு ஆவும்னே தெரியல, நானு போய் மேலதிகாரிகிட்ட சமூக நீதி பேசணுமா?

காட்பாடி_மணி:
பாத்தீங்களா, நான் சொன்னதத்தான சொல்றாங்க.

ஊர்_நர்ஸம்மா:
இல்லண்ணா. எந்தத் தெருவுல எத்தன பேருக்கு வயித்தால போகுதுன்னு எங்க நோட்டுலதான் இருக்கு. போன வருஷம் கிராம சபையில காலனி தண்ணி டேங்க பத்தி பேசுனேன், அடுத்த மீட்டிங்ல உனக்கெதுக்குமா அரசியல்னு ஒருத்தர் கேட்டாரு. நீங்க எங்கள வேணாம்னு தள்ளுறீங்க, அவரும் அதயேதான் பண்றாரு, அதான் கஷ்டமா இருக்கு.

நைட்டு_டூட்டி:
அக்கா அத விடுங்க, டேங்க கழுவுனாங்களா இல்லியா?

ஊர்_நர்ஸம்மா:
கழுவுனாங்கமா. மூணு மாசம் கழிச்சு.