க்ளோரின் 3 காட்டுது, ஆனா பூல் பச்சை: மாத்திரையா, கரைசலா?

பல்லடம்_தோட்டம்: 50,000 லிட்டர் பூல், போர் தண்ணி, ஸ்கிம்மர்ல (மேல்தண்ணியை ஃபில்டருக்கு இழுக்கற பெட்டி) ட்ரைக்ளோர்ங்கற க்ளோரின் மாத்திரை. டெஸ்ட் கிட்டுல க்ளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்துல 3 பங்கு) வருது, ஆனா சுவரெல்லாம் பச்சை, கால் வெச்சா வழுக்குது. ஸ்டெபிலைசர் 120. கடையில இன்னும் ரெண்டு மாத்திரை சேர்த்துப் போடச் சொல்றாங்க. போடலாமுங்களா?

நொய்யல்கரை: போடாதீங்க. இருக்கற மாத்திரையையும் இப்பவே எடுத்துருங்க.

ஸ்டெபிலைசர்ங்கறது சயனூரிக் அமிலம். அது இல்லாட்டி உச்சி வெயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள பாதி க்ளோரின் போயிரும், அதனால கொஞ்சம் வேணும்தான். ஆனா அது பிடிச்சு வெச்சிருக்கற க்ளோரின் பாசிகிட்ட வேலை செய்யாது, டெஸ்ட்ல மட்டும் கணக்குல வரும். ஸ்டெபிலைசர் அளவுல 7.5 சதமாவது க்ளோரின் நிக்கோணும். 40-க்கு 3 போதும், 120-க்கு 9 வேணும். உங்க பூல் பச்சையாகாம என்ன பண்ணும்?

200 கிராம் மாத்திரை ஒண்ணு உங்க பூலுக்கு 3.6 பிபிஎம் க்ளோரின் குடுக்குது, கூடவே 2.2 பிபிஎம் ஸ்டெபிலைசரும் இறங்குது. தினம் 2 பிபிஎம் க்ளோரின் செலவாச்சுன்னா மாசம் 36 ஸ்டெபிலைசர் ஏறும். இது ஆவியாகாது, மணல் ஃபில்டர்லயும் நிக்காது. தண்ணி வெளியே போனாத்தான் குறையும்.

கொடுமுடி_காவேரி: மாத்திரையை மட்டும் குத்தம் சொல்றது சரியில்லைங்க. ஹைப்போ கரைசல், அதாவது திரவ க்ளோரின், சித்திரை வெயில்ல கேனுக்குள்ளயே வீரியம் இழந்துரும். தோட்டத்து வீட்டுல தினமும் அளந்து ஊத்த ஆளு வேணும். எல்லாத்துக்கும் மேல, நம்ம போர் தண்ணியில காரத்தன்மை ஜாஸ்தி, பிஎச் (அமில-கார அளவு) தானா ஏறும். ட்ரைக்ளோர் அமிலம், அதை இறக்கி வெக்குது. கால்சியம் ஹைப்போ பவுடருக்கு மாறினா உங்க கணக்குப்படியே மாசம் 60 பிபிஎம் க்ளோரினுக்கு 42 பிபிஎம் கடினத்தன்மை சேரும். ஏற்கெனவே உப்புத்தண்ணி. டைல்ஸ்ல வெள்ளையா படிஞ்சா சொரண்டி மாளாது.

நொய்யல்கரை: பவுடர் நம்ம தண்ணிக்கு ஆகாதுங்கறதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்லை. நான் சொல்றது சோடியம் ஹைப்போ கரைசல். 10 சதக் கரைசல் 1 லிட்டர்னா உங்க பூலுக்கு 2 பிபிஎம். பொழுது சாய, பம்ப் ஓடறப்போ, தண்ணி திரும்பி வர்ற வாய்க்கு முன்னால மெதுவா ஊத்தோணும். கேனை நிழல்ல வெச்சு, ரெண்டு வாரத்துக்கு வேணுங்கறதை மட்டும் வாங்குங்க. வீரியம் குறைஞ்சா டெஸ்ட் காட்டிக் குடுத்துரும், அரை லிட்டர் கூட ஊத்திக்கலாம்.

பிஎச் இறக்க ஹைட்ரோக்ளோரிக் ஆசிட் தனியா இருக்கு. ஹைப்போவும் ஆசிட்டும் ஒண்ணுக்கொண்ணு படவே கூடாது, விஷவாயு கிளம்பும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. ஸ்கிம்மர்ல மாத்திரை கிடக்கறப்போ பம்ப் நின்னா அங்கயே அமிலத் தண்ணி தேங்கும். பம்ப் ஓடுனதும் அது அப்படியே உள்ளே போய் உலோகப் பாகத்தையெல்லாம் அரிக்கும். பிஎச்சுக்கு நல்லதுன்னு நீங்க சொல்ற அதே அமிலம்தாங்க இது.

கொடுமுடி_காவேரி: 120-ஐ 40 ஆக்க 33,000 லிட்டர் மாத்தோணும். 12,000 லிட்டர் லாரியில மூணு லோடு. குடிக்கறதுக்கே லாரி எதிர்பாக்கற காலத்துல இது நியாயமா? க்ளோரினை 9, 10-ல நிறுத்தி ஐப்பசி மழை வரைக்கும் ஓட்டிட்டு, மழைத்தண்ணி நிரம்பறப்போ மாத்தலாமே.

நொய்யல்கரை: பாசி பிடிக்காத பூல்னா நானும் அதைத்தான் சொல்லுவேன். பச்சையானதுக்கு ஸ்டெபிலைசர்ல 40 சதம் க்ளோரின் ஏத்தி, தெளியற வரைக்கும் பிடிச்சு வெக்கோணும். 120-க்கு அது 48 பிபிஎம், முதல் நாளே 22 லிட்டர் கரைசல். 40-க்கு இறக்கிட்டா 16 பிபிஎம், ஏழெட்டு லிட்டர்ல முடியும்.

கோபி_வாய்க்கால்: லாரிக்குச் சொல்றதுக்கு முன்னால அந்த 120 நிஜமான்னு பாருங்க. ஸ்டெபிலைசர் அளக்கற, கறுப்புப் புள்ளி மறையற டியூப்ல 100-க்கு மேல கோடுகள் நெருங்கி இருக்கும், நம்ப முடியாது. பூல் தண்ணி பாதி, போர் தண்ணி பாதி கலந்து டெஸ்ட் பண்ணி, வர்றதை ரெண்டால பெருக்குங்க. வெளிச்சத்துல, சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு, டியூப்பை இடுப்பு உயரத்துல பிடிங்க. 160, 180 கூட வரலாம்.

வாய்க்கால் பாசனப் பக்கமோ மழை முடிஞ்ச கையோடயோ பூலை முழுசா காலி பண்ணாதீங்க. நிலத்தடி ஊத்து கீழிருந்து தூக்கும், தளம் வெடிக்கும். மூணுல ஒரு பங்கா இறக்கி நிரப்பினா 120, 80, 53, 36-னு குறையும், ஆனா மொத்தம் 50,000 லிட்டர் செலவு. உங்க பக்கம் ஊத்து இல்லைன்னா ஒரே தடவையா மூணுல ரெண்டு பங்கு இறக்கறதுதான் சிக்கனம்.

கொடுமுடி_காவேரி: 40-க்கு வந்த பிறகு, ஊருக்குப் போற வாரத்துக்கு மட்டும் மிதவையில (மாத்திரை வெக்கற மிதக்கும் டப்பா) நாலு மாத்திரை போட்டா ஸ்டெபிலைசர் 9 பிபிஎம்தான் ஏறும். அதையும் வேண்டாங்காதீங்க.

நொய்யல்கரை: அதுக்குத் தடையில்லைங்க. ஸ்டெபிலைசர் 50-ஐத் தாண்டினா நிறுத்திக்குங்க, அவ்வளவுதான். அந்த மிதவையில கால்சியம் ஹைப்போவை மட்டும் எப்பவும் போடாதீங்க. அதுவும் ட்ரைக்ளோரும் சேர்ந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அள்ளற கரண்டி கூட வேற வேற வேணும்.

பல்லடம்_தோட்டம்: மாத்திரையை எடுத்தாச்சுங்க. கலந்து டெஸ்ட் பண்ணினதுல 65 வந்துது, அப்போ 130. 35,000 லிட்டர் இறக்கறேன். தெளிஞ்சுதுன்னு எதை வெச்சு முடிவு பண்றது?

நொய்யல்கரை: பொழுது விழுந்ததும் ஒரு டெஸ்ட், விடியறதுக்கு முன்னால ஒண்ணு. ராத்திரியில வெயில் இல்லை, அதனால 1 பிபிஎம்முக்கு மேல குறைஞ்சா பாசி இன்னும் தின்னுட்டிருக்குன்னு அர்த்தம். தண்ணி கண்ணாடியாத் தெரிஞ்சாலும் 16-லயே வெச்சுத் தொடருங்க. சுவரை, ஏணிக்குப் பின்னாலயும் லைட் குழிக்குள்ளயும் தினமும் பிரஷ்ல தேய்க்கோணும், ஒளிஞ்சிருக்கறது அங்கதான்.