ஹகாட்டா ராமென் கடையில் முதல் முறை: சில சந்தேகங்கள்

கேள்வி:
அலுவலக வேலையாக அடுத்த மாதம் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் (ஹகாட்டா அதன் ஒரு பகுதி) நான்கு நாள் தங்கவிருக்கிறேன். கடைசி இரண்டு நாள் மனைவியும் உடன் இருப்பார். அங்கே போய் அந்த ஊரின் சூப் நூடுல்ஸான டொன்கொட்சு ராமென் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று உடன் பணிபுரியும் ஜப்பானியர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பெயர்பெற்ற கடைகளில் வாசலிலேயே வரிசை நிற்குமாம், உள்ளே உணவுக்கான சீட்டை விற்கும் இயந்திரம் இருக்குமாம். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத நான் எப்படிச் சமாளிப்பது? ‘கயேடமா’ என்பது என்ன, அதை எப்போது கேட்க வேண்டும்? மனைவி சைவம், இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் போதுமா?

மறுமொழி 1:
இயந்திரத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலில் பணத்தைப் போட்டு, பிறகு பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்க மேல் மூலையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடையின் முதன்மையான ராமெனாகவே இருக்கும் என்பதால், எதுவும் புரியாதபோது அதை அழுத்தினால் ஏமாற மாட்டீர்கள். ஆயிரம் யென் தாள்களும் சில்லறையும் கையில் இருக்கட்டும். 2024 ஜூலையில் புதிய தாள்கள் வந்தபோது பல கடைகளின் பழைய இயந்திரங்கள் அவற்றை ஏற்கவில்லை. நான் பின்னால் பத்துப் பேரை நிறுத்திவைத்துக்கொண்டு, இயந்திரம் துப்பித் துப்பித் தள்ளிய தாளை மீண்டும் மீண்டும் நீவி நுழைத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற பிறகு சீட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு நிற்பதா என்பது கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

இச்சிரான் போன்ற கடைகளில் தனித்தனித் தடுப்புக்குள் அமர்ந்து, நூடுல்ஸ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், பூண்டு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக் கொடுக்கலாம். பிற மொழிகளிலும் அந்தத் தாள் கிடைக்கும். எதிரே மூங்கில் திரைக்கு அப்பாலிருந்து கிண்ணத்தை நீட்டும் கைகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். தனியாகப் போகும் முதல் இரண்டு நாளுக்கு அதுவே எளிது.

மறுமொழி 2:
கயேடமாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹகாட்டா நூடுல்ஸ் மிக மெல்லியது, நேரானது. விரைவில் வெந்துவிடும், அதே வேகத்தில் சூடான சூப்பில் ஊறிக் குழைந்தும்விடும். அதனால்தான் முதலில் அளவாகப் போட்டு, தீர்ந்ததும் அதே சூப்பில் இன்னொரு பிடி போட்டுத் தருகிறார்கள். அதுதான் கயேடமா. நாகஹாமா மீன் சந்தையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடும் தொழிலாளர்களுக்காகத் தோன்றிய வழக்கம் இது. ஆகவே சூப்பை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். பாதியாவது மிஞ்சியிருக்க, கடைசி வாய் நூடுல்ஸ் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கெட்டியாக வேண்டுமானால் ‘கட்டா’, இன்னும் விறைப்பாக வேண்டுமானால் ‘பாரிகட்டா’ என்று சொன்னால் போதும். உறிஞ்சும் சத்தம் வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் கிண்ணம் வந்த பிறகு அரட்டையும் படமெடுப்பதுமாக நேரம் கடத்தினால் நூடுல்ஸும் கெடும், வெளியே காத்திருப்பவர்களின் பொறுமையும் கெடும். மேசையிலிருக்கும் காரக் கடுகுக்கீரை ஊறுகாயை எடுத்த எடுப்பிலேயே கொட்டாதீர்கள். சூப்பைச் சுவைக்குமுன் அதைப் போட்டதற்காக ஒரு சிறு கடையில் முதியவர் ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மறுமொழி 3:
இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. டொன்கொட்சு என்பதே பன்றி எலும்பு. அது பல மணி நேரம் கொதித்துக் கரைந்ததால்தான் சூப் பால்போல் வெண்மையாகிறது. பன்றி சேர்க்காதது என்று எழுதியிருந்தாலும் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். கோழியோ, உலர்மீனில் எடுத்த சாறோ இருக்கலாம். முழுமையான தாவர உணவு ராமென் என்றால் டோக்கியோ நிலையத்தில் உள்ள டீஸ் டன்டன் என்ற கடை எனக்குத் தெரியும். அது உங்கள் பயண வழியில் இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் மனைவி எதுவும் வாங்காமல் என் பக்கத்தில் வெறுமனே அமர்ந்திருக்கலாமா?

மறுமொழி 2:
பல கடைகளில் ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கியே ஆக வேண்டும். இருக்கைகள் மிகக் குறைவு. அவர் வருவதற்கு முந்தைய நாளே நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிடுங்கள்.