போலீஸ் வண்டிக்கு என்ன கோலம்? (திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் தேவை)

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக லண்டன் போலீஸ் வண்டிகளைப் பற்றி இரண்டு பக்கம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அனுப்பியாக வேண்டும். 'லிவரி'யில் மாட்டிக்கொண்டேன். வெறும் நிறம் இல்லை அது. பக்கவாட்டில் நீலமும் மஞ்சளுமான கட்டங்கள், பின்புறம் சிவப்பும் மஞ்சளுமான சாய்பட்டைகள், ஹெலிகாப்டரில் இருப்பவர் படிக்கக் கூரைமேல் எழுதிய எண், சின்னம் எல்லாம் சேர்த்து ஒரே பெயர். 'வண்ணப்பூச்சு' என்றால் பெயிண்ட் கடை ஞாபகம் வருகிறது. இப்போதைக்கு 'வண்டிக்கோலம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். தேறுமா?

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கோலம் வேண்டாம் அம்மா. வண்டியில் யாரோ மாவு போட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் நினைக்கும். மணக்கோலம், தவக்கோலம் உண்டே என்பீர்கள், அலங்கோலமும் உண்டு. நம்மிடம் சின்னத்தைக் குறிக்கும் 'பொறி' இருக்கும்போது அலைவானேன்? புறநானூறு 39இல் 'ஏம விற்பொறி' வருகிறது, இமயத்தில் சேரன் பதித்த வில். அடுத்த அடியே 'மாண்வினை நெடுந்தேர்'. பொறியும் ஊர்தியும் அன்றைக்கே அக்கம்பக்கம்! ஆகவே 'ஊர்திப்பொறி'. இன்னொன்று: 'வண்டி' என்பதே பழைய 'பண்டி'தான். கன்னடத்தில் இன்றும் பண்டி. பண்டம் ஏற்றியதால் பண்டி என்பது என் துணிபு. அப்படியானால் போலீஸ்காரர் ஏறிப் போவதைப் பண்டி எனலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

ஊட்டி, இயற்பியல் ஆசிரியர்:

ஐயா, 'ஊர்திப்பொறி எங்கே?' என்று கேட்டால் என் மாணவர்கள் பானட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டுவார்கள்.

அந்தக் கட்டங்களுக்கு 'பேட்டன்பர்க்' என்று பெயர். குறுக்கே வெட்டினால் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் தெரியுமே, அந்தக் கேக்கின் பெயர். அதற்கு முன்னால் வெள்ளை வண்டியில் சிவப்புப் பட்டை போட்டு ஓட்டியதை 'ஜாம் சாண்ட்விச்' என்றார்கள். அந்த ஊரில் போலீஸைப் பார்த்தாலே பசிக்கும் போலிருக்கிறது. நாமும் நம் ஊர் பிஸ்கட்டின் பெயரில் 'வர்க்கிக் கட்டம்' என்று வைத்துவிடலாம்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வர்க்கியில் கட்டம் ஏது? அடுக்குதான் உண்டு.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

சனிக்கிழமை ஆகிவிட்டது. பசியைத் தள்ளி வையுங்கள். இன்னொரு சிக்கல்: அந்தக் கட்டங்கள் இரவில் விளக்கு பட்டதும் பளிச்சிடுகின்றன. அந்தப் பொருளுக்கு என்ன சொல்? 'எதிரொளிப்பு' போதுமா?

கோத்தகிரி, லாரி வைத்திருப்பவர்:

ரேடியம். இதற்கு ஒரு விவாதமா? போன வாரம் இரவு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தேன். குஞ்சப்பனை தாண்டியதும் ஒரே மூட்டம். முன்னால் போன லாரி தெரியவே இல்லை; பின்பலகையில் ஒட்டியிருந்த இரண்டு சிவப்புப் பட்டை மட்டும் அந்தரத்தில் மிதந்துகொண்டு போனது. அது மறைந்து, அடுத்த வளைவில் இரண்டு பச்சைப் பொட்டு. இன்னொரு வண்டி என்று ஹாரன் அடித்தேன். நகரவில்லை. விளக்கைத் தாழ்த்தினேன், இரண்டும் மங்கின. கிட்டே போனால் காட்டுமாடு! என் வெளிச்சத்தையே எனக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்டிக்கர் கடையில் போய் 'எதிரொளிப்பு ஒட்டுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், கண்ணாடிக் கடைக்கு வழி சொல்வார்கள்.

ஊட்டி, இயற்பியல் ஆசிரியர்:

மாடு சரியாகப் பாடம் நடத்தியிருக்கிறது. ரேடியம் கலந்த பூச்சு இருட்டில் தானே ஒளிரும். இந்த ஒட்டில் ரேடியம் துளிகூடக் கிடையாது. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, வந்த ஒளியை வந்த திசைக்கே அனுப்பும். முகம் பார்க்கும் கண்ணாடி அப்படியில்லை, சாய்ந்து விழுந்த ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். ஆகவே 'எதிரொளிப்பு' பற்றாது. 'ஒளிமீட்டி' என்று வைக்கலாம். 1990களில் பேட்டன்பர்க் கட்டங்களை வடிவமைத்தபோது, பகலில் 500 மீட்டரிலிருந்தே போலீஸ் வண்டி என்று தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. இதெல்லாம் அலங்காரம் இல்லை. அதனாலேயே எனக்கும் 'கோலம்' கொஞ்சம் இடிக்கிறது. 'அடையாளக்கோலம்' என்றால் ஒத்துக்கொள்வேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'மீட்டி' என்றால் வீணை.

கோத்தகிரி, லாரி வைத்திருப்பவர்:

வாத்தியார் ஐயா, உங்கள் ஸ்கூட்டர் பின்னால் ஒட்டியிருப்பது என்ன?

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பேரன் ஒட்டியது. அவன் அதை ரேடியம் என்றுதான் சொல்கிறான். அது அவன் பிழை.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

ஞாயிறு இரவு பத்து மணி. கரண்ட் இல்லை, மடிக்கணினியில் இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான் சார்ஜ். 'அடையாளக்கோலம்' என்றே போடுகிறேன். மூவர் ஒப்புதல், ஒருவர் மறுப்பு. ஒட்டுக்கு 'ஒளிமீட்டி' என்று எழுதி, 'நம் ஊரில் ரேடியம் என்பார்கள், ஆனால் ரேடியம் இல்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். பேட்டன்பர்க் அப்படியே இருக்கட்டும். எல்லோருக்கும் நன்றி.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பு பதிவாகட்டும். 'பண்டி' பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன்.