கொடநாட்டிலிருந்து கோவை விமானங்கள்: மெட்டாரில் எதைப் பார்க்க வேண்டும்?

கேத்திக்காரன்:
கோவையில் இறங்குகிற விமானங்களை மலையிலிருந்து பார்க்க வேண்டும். கையில் 10×42 பைனாகுலர் இருக்கிறது. கிளம்புமுன் பார்த்த மெட்டார் (விமான நிலையத்தின் அப்போதைய வானிலை அறிக்கை) இது, எழுத்துகளைத் தமிழில் தட்டியிருக்கிறேன்:

விஓசிபி 180130இசட் 24014கேடி 6000 எஸ்சிடி018 பிகேஎன்045 24/20 கியூ1010 நோசிக்

மேகம் 1,800 அடியில்தானே? 6,000 அடியில் இருக்கிற குன்னூர் அதற்கு மேலே பளிச்சென்று இருக்க வேண்டாமா? அங்கே டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனையில் பத்தடி தள்ளி இருப்பதுகூடத் தெரியவில்லை. டாஃப் (விமான நிலையத்தின் வானிலை முன்னறிவிப்பு) சுத்தமாகப் புரியவில்லை. எந்த இடம், எந்த நேரம் தோது?

ரன்வே23:
மேகத்தின் உயரத்தை விமான நிலையத் தரையிலிருந்து கணக்கிடுவார்கள், கடல் மட்டத்திலிருந்து இல்லை. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேடு ஏறக்குறைய 1,320 அடியில் இருக்கிறது. அதனால் எஸ்சிடி018 என்பது 1,800 + 1,320 = 3,120 அடி, பர்லியார் பக்கம். எஸ்சிடி என்றால் வானத்தில் எட்டில் மூன்று, நான்கு பங்குதான் மேகம். நடுவே இடைவெளி இருக்கும். உங்கள் காலை வாரியது அடுத்த அடுக்கு. பிகேஎன்045 என்றால் 4,500 + 1,320 = 5,820 அடி, அதுவும் எட்டில் ஐந்து முதல் ஏழு பங்கு. நீங்கள் மேகத்துக்கு மேலே நிற்கவில்லை, உள்ளேயே நின்றிருக்கிறீர்கள். மெட்டார் சொல்வது மேகத்தின் அடிப்பாகத்தை மட்டும்தான். உச்சி எங்கே என்று அதில் வராது.

6000 என்பது பார்வைத்தூரம், மீட்டரில்; கியூ1010 காற்றழுத்தம்; நோசிக் என்றால் சீக்கிரத்தில் பெரிய மாற்றம் இல்லை. 24/20 என்பது வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறும் வெப்பநிலை). வித்தியாசத்தை 400ஆல் பெருக்கினால் தாழ்வான மேகத்தின் உயரம் தோராயமாக வரும். இங்கே 4 × 400 = 1,600; அறிக்கையின் 1,800க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வித்தியாசம் 14, 15க்குப் போன மதியங்களில் வெயிலில் எழும்பும் மேகத்தின் அடிப்பாகம், பீளமேட்டின் உயரமும் சேர்த்து, சுமார் 7,000 அடிக்கு ஏறிவிடும், குன்னூர் தப்பிக்கும்.

180130இசட் என்றால் 18ஆம் தேதி, உலகப் பொது நேரம் (இசட்) 01:30; அது நம்முடைய காலை 7:00. ஐந்தரை மணி நேரம் கூட்ட மறந்தால் எல்லாமே தப்பு. 24014கேடி என்றால் 240 டிகிரியிலிருந்து (தென்மேற்கு) 14 நாட் காற்று. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும், அதனால் ஓடுதளம் 23 (இறங்கும் திசை சுமார் 230 டிகிரி). கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து வரும். காற்று 050ஐ ஒட்டி இருந்தால் ஓடுதளம் 05. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து இறங்கும். 5 நாட்டுக்குள் இருந்தால் எந்தப் பக்கமும் கொடுப்பார்கள், யூகிக்க வேண்டாம்.

கீழ்க்கோத்தகிரி:
இடம் பற்றி மட்டும் சொல்கிறேன். குன்னூரிலிருந்து விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 45 கி.மீ. ஏ320 பயணிகள் விமானம் ஒன்றின் நீளம் 37.57 மீட்டர். அந்தத் தூரத்தில் 10 மடங்கு பைனாகுலரில் அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவின் அகலம்தான் இருக்கும், அதுவும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால். வாலில் இருக்கிற நிறம் தெரிந்தால் அதிர்ஷ்டம். பதிவெண்ணை மறந்துவிடுங்கள்.

கொடநாடு காட்சிமுனைக்குப் போங்கள். பெங்களூரு–கோவை நேர்க்கோடு அங்கிருந்து கிழக்கே சுமார் 30 கி.மீ.யில், பவானிசாகருக்கு அந்தப் பக்கம் போகிறது. அந்த இடத்திலிருந்து ஓடுதளத்துக்கு 28 கடல் மைல். மைலுக்கு 300 அடி இறக்கம் என்று வைத்தால் 8,400 அடி, தரை உயரமும் சேர்த்து 9,700 அடி. உங்களைவிட மூவாயிரத்துச் சொச்சம் அடிதான் உயரே. நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம் கண் மட்டத்துக்கு மேலே தேடினால் போதும். எல்லாரும் தலையை அண்ணாந்து தேடித்தான் கோட்டை விடுகிறார்கள். பக்கவாட்டுத் தோற்றமும் அங்கேதான் கிடைக்கும். கட்டுப்பாட்டாளர் வளைத்து அனுப்பினால் கோடு மாறும், அது வேறு கதை.

காலையில் சூரியன் முகத்தில் அடிக்கும். மூன்று மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம், விமானத்தின் மீது நேராக விழும். ஜூன்–செப்டம்பரில் கூடலூரும் ஊட்டியும் நனைந்துகொண்டிருக்கும்போது கொடநாடு மழைமறைவில் திறந்திருக்கும் நாட்கள் நிறைய. காற்றும் தென்மேற்கு, ஓடுதளம் 23. வடகிழக்குப் பருவத்தில் மேகம் கிழக்கிலிருந்தே ஏறிவந்து முனையை மூடிவிடும்.

ரன்வே23:
டாஃபுக்கு ஓர் உதாரணம்: டெம்போ 1809/1813 3000 டிஎஸ்ஆர்ஏ எஃப்இடபிள்யூ025சிபி. 18ஆம் தேதி மதியம் 2:30 முதல் மாலை 6:30 வரை அவ்வப்போது இடிமழை (டிஎஸ்ஆர்ஏ), பார்வைத்தூரம் 3,000 மீட்டர், 2,500 அடியில் கொஞ்சம் (எஃப்இடபிள்யூ) சிபி மேகம். டெம்போ என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள், மொத்தத்தில் அந்த நேரத்தில் பாதிக்கும் குறைவு. பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. பிஇசிஎம்ஜி வந்தால்தான் மாற்றம் நிலைத்து நிற்கும். ஆனால் சிபி என்பது இடிமேகம். அது தென்பட்டால் காட்சிமுனையில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இந்த அறிக்கை எல்லாம் சமவெளி விமான நிலையத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும்தான். காற்று மலையில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து, அங்கே தனி மேகம் கட்டும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததற்கு, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் நுழைந்ததைத்தான் விமானப்படை விசாரணை காரணமாகச் சொன்னது.

சூலூர் விமானப்படைத் தளம். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

கேத்திக்காரன்:
கணக்கு புரிந்தது, நன்றி. இன்னொன்று: ஜனவரியில் என்எஸ்சி என்று வந்த நாளில்கூடக் கீழே ஒன்றும் தெரிவதில்லையே?

கீழ்க்கோத்தகிரி:
என்எஸ்சி என்றால் விமானத்துக்குத் தொந்தரவான மேகம் இல்லை, அவ்வளவுதான். அந்த வரியிலேயே 4000 எச்இசட் என்று இருந்திருக்கும், தூசிமூட்டம். குளிர்கால இரவில் தரை குளிர்ந்து, புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் சமவெளிமேல் மூடிபோல் படிந்துவிடும். மூடிக்கு மேலே வரும்வரை விமானம் கத்திபோலத் தெரியும், உள்ளே இறங்கியதும் காணாமல் போகும். 9999 என்று போட்டிருந்தாலும் அது ‘10 கி.மீ. அல்லது அதற்கு மேல்’ என்பது மட்டும்தான், 30 கி.மீ.க்கு உத்தரவாதம் இல்லை. கொடநாட்டில் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் கரைக்கோட்டைப் பாருங்கள். கோடு கூர்மையாக இருந்தால் முக்காலியை விரியுங்கள். நீரும் நிலமும் ஒரே சாம்பலாக இருந்தால் மதியம் மூடி கலையும்வரை பொறுங்கள்.