‘ரஃப்’ - தமிழ்ச்சொல் வேண்டும் (வெள்ளிக்குள்!)

மதுரையிலிருந்து, தையலாசிரியை:
அன்பர்களே, கல்லூரி நாடகத்துக்காக முதலாம் எலிசபெத் காலத்து உடைகள் தைக்கிறோம். மாணவிகளுக்கான செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் உள்ள ‘ரஃப்’ மட்டும் இடிக்கிறது. பழைய ஓவியங்களில் தலையைத் தட்டில் வைத்ததுபோல் கழுத்தைச் சுற்றி நிற்குமே, அந்த வெள்ளை வட்டம்தான். 6 மீட்டர் லினன் நாடாவில் புள்ளி பிசகாமல் மூன்று வரிசை ஓட்டுத்தையல் போட்டு, மூன்று நூலையும் சேர்த்து இழுத்தால் துணி குழல் குழலாகச் சுருங்கும். ஒவ்வொரு குழலின் முகட்டையும் 38 செ.மீ. பட்டியில் கையால் தைத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம் கஞ்சி. காய்ந்ததும் சூடான கம்பியை உள்ளே விட்டு எட்டு வடிவம் எடுப்பது. பிள்ளைகள் ‘கழுத்து ஃப்ரில்’ என்கிறார்கள். அதையே போடலாமா?

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஃப்ரில் வேண்டாம் அம்மா. ‘கொய்’ என்ற வினைக்கே துணியைச் சுருக்கி மடித்தல் என்ற பொருள் உண்டு. அதில் பிறந்தது கொய்சகம். அதைக் கொசுவமாக்கிக் கெடுத்தது நாம். மிடறு என்றால் கழுத்து. ஆகவே, ‘கொய்மிடறு’. சிவனைக் கறைமிடற்றன் என்ற மொழிக்கு இது கடினமா?

சென்னை:
ஐயா, கொய்மிடறு என்றால் தலை கொய்வதுதான் நினைவுக்கு வருகிறது. ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு 1587-ல் நடந்தது அதுதான். பேசாமல் ‘கழுத்துப்பட்டை’ என்று போடுங்கள்.

கோவை:
அது டைக்குப் போய்விட்டது. கழுத்து வலிக்கு மாட்டுவதும் அதுதான், நாய்க்குக் கட்டுவதும் அதுதான்.

தஞ்சாவூர்:
போகட்டும். அடுத்த பாடம் க்ரவாட் என்றால் கவலையே இல்லை. நம் ‘கழுத்தாடை’ கடல் கடந்துதான் க்ரவாட் ஆயிற்று என்று பலகாலமாகச் சொல்லிவருகிறேன்.

சென்னை:
இல்லை ஐயா. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்காகப் போரிட்ட குரோவாசியப் படையினர் கழுத்தில் முடிந்த துணி அது. அவர்களுடைய இனப்பெயரே துணிக்கும் ஒட்டிக்கொண்டது. உரிமை கொண்டாட வேண்டுமானால் கஞ்சியைக் கொண்டாடுங்கள், ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொல். ஆனால் லண்டன்காரர்களுக்குத் துணிக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொடுத்தவர், 1564-ல் ஃபிளாண்டர்சிலிருந்து வந்த டிங்கன் வான் டெர் பிளாசே என்ற பெண். கட்டணம் 4, 5 பவுன். கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொள்ள 20 ஷில்லிங் தனி!

கோவை:
டியூஷன் ஃபீஸ் அப்போதே அப்படித்தான் போல. நான் ‘கொசுவக் காலர்’ பக்கம்.

தஞ்சாவூர்:
பாதி சிதைவு, பாதி ஆங்கிலம். இதற்கு ஃப்ரில்லே மேல்.

மதுரை:
இன்று வகுப்பில் மூன்று சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். கொய்மிடறுக்கு ஒருத்தி ‘விழுங்குற மாத்திரையா மிஸ்?’ என்றாள். கொசுவம் என்றதும் பாதிப் பேரின் விரல்கள் தாமாக இடுப்புப் பக்கம் போய் மடிப்பு எடுத்தன.

யாழ்ப்பாணம்:
அதுதான் சிக்கலே. சேலைக் கொசுவம் தட்டை மடிப்பு. இது குழல். அந்தப் பழக்கத்தில் தட்டையாக மடித்துத் தைத்துவிட்டால் எட்டு வடிவம் வராது. ‘குழற்பட்டி’ எப்படி?

மதுரை:
நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் மடல் வருவதற்குள் கொசுவக் காலர் என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். குழல் மடிப்பைப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். பக்கத்தின் கீழே கொய்சகத்தையும் ஒரு வரியில் சேர்த்திருக்கிறேன் ஐயா, தாள் இணைப்பில் உள்ளது.

தஞ்சாவூர்:
பார்த்தேன். ‘கொய்ச்சகம்’ என்று அச்சாகியிருக்கிறது. அங்கே ச் வராது.