சிறிய கிளப்பில் மெட்டல் நிகழ்ச்சி: பாடுபவர் குரலை மேலே கொண்டுவருவது எப்படி?

நண்பர்களே, உள்ளூர் ராக், மெட்டல் பேண்டுகளை ஒரு சிறிய கிளப்பில் மேடையேற்றுகிறோம். அருமையான பேண்டுகள், ஆனால் பாடும் வரிகள் யாருக்கும் கேட்பதில்லை.

கூரை தாழ்வு. டிரம்ஸ் மைக் இல்லாமலேயே அறையை நிறைத்துவிடுகிறது. அதற்கு ஈடுகொடுக்க கிட்டார்காரர்கள் ஆம்ப் எனும் கிட்டார் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். மிட் ஒலியை (நடு அதிர்வெண் ஒலியை) அதிகம் வெட்டி வைப்பதால் தங்கள் கிட்டார் தங்களுக்கே கேட்காமல் மேலும் கூட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. சரி, குரலை ஏற்றலாம் என்றால், பாடுபவருக்குத் தன் குரல் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் ஊளையிடுகிறது.

முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் மானிட்டரை வைத்ததில் ஓரளவு பலன் உண்டு. ஆனால் உறுமிப் பாடுபவர்கள் மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொள்கிறார்கள். பின்பக்க ஒலியைத் தடுக்கும் அதன் தன்மையே அப்போது போய்விடுகிறது. அவர்கள் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

ஆம்ப்பைச் சாய்த்து, வாசிப்பவரின் காதை நோக்கி வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? டிரம்ஸுக்குப் பின்னால் கனமான திரை போட்டால் வித்தியாசம் தெரியுமா?

அப்புறம், வருபவர்களுக்குக் காதடைப்பான் கொடுக்க ஆசை. 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பான அளவு என்கிறார்கள். இசையை மந்தமாக்காத வகை எது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.